மீனுக்கு முன் நீர்

கண்ணாடித் தொட்டியொன்றில் நீர் நிரப்பி, அதன்கண் பன்னிற மீன்களை விட்டு, அவை வாலசைத்து உலவும் அழகைக் கண்டு களித்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்த இன்பங்களுள் ஒன்றாம். நாயும் பூனையும் நம்மை நாடி வருவன. மீனோ நம்மைப் பொருட்படுத்தாது தன் உலகில் தானே வாழ்வது. ஆகலின், பலகணி வழியே பிறிதோர் உலகினை நோக்குவார் போல நாம் அதனை நோக்கி நிற்கின்றோம். படித்துக் களைத்த மாணாக்கனுக்கும், பணிமுடிந்து வீடு திரும்பும் தந்தைக்கும், நடக்கவியலாது கிடக்கும் முதியோர்க்கும் அக்காட்சி ஆறுதல் தருவதை யாம் பலகாற் கண்டுள்ளோம்.

எனினும், யாம் சென்றுவந்த இல்லங்கள் பலவற்றில் பரண்மேற் பழம்பெட்டிகளோடு கண்ணாடித் தொட்டியொன்று தூசு படிந்து வறிதே கிடத்தலையும் கண்டுள்ளோம். "இதிலிருந்த மீன்கள் எங்கே?" என வினவினால், "எங்களுக்கு மீன் வளர்க்கக் கைராசியில்லை, எத்தனை வாங்கி விட்டாலும் தங்குவதில்லை" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். கைராசி என்பது இவ்விடத்து அறியாமைக்கு இட்ட மறுபெயரேயன்றி வேறன்று. தொட்டி வைப்போர் செய்யும் பிழைகள் பலவாயினும், அவையனைத்தும் ஒரு வேரிலிருந்து கிளைத்தனவே. அவர் மீனைப் பேண முயல்கின்றனர். நீரைப் பேண அறியார். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நம் கல்லூரியில் மறைநூல் வகுப்பிற் பயில்வோர் யாவரும் ஆதியாகமத்தின் முதலதிகாரத்தை அறிவர். ஆங்குக் கூறப்படும் முறையினைச் சிறிது நினைவுகூர்க. இரண்டாம் நாளில் நீர் பகுக்கப்படுகின்றது. மூன்றாம் நாளிற் புல்லும் பூண்டும் முளைக்கின்றன. நீர்வாழும் உயிர்கள் தோன்றுவதோ ஐந்தாம் நாளிலேயாம். உறையுள் முதலிலும், அதில் உறைவன பின்னரும் அமைதலே படைப்பின் ஒழுங்கு. நம் நண்பரோ ஞாயிறு மாலை கடைக்குச் சென்று, தொட்டி, மணல், செடி, மீன் ஆகிய அனைத்தையும் ஒருங்கே வாங்கி, அன்றிரவே எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்து, விளக்கேற்றி வைத்துவிடுகின்றார். ஐந்து நாட் செயலை ஒரு மாலையில் முடிக்கப் புகுந்தவர்க்கு ஆறாம் நாளில் துயரமே எஞ்சுகின்றது.

மீனைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் கலை நெடுங்காலத்ததன்று. சீனர் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே பொன்மீன்களைக் குளத்திலும் மட்கலத்திலும் வளர்த்தனர். ஆனால் பக்கத்தினின்று நோக்குதற்கேற்ற கண்ணாடித் தொட்டியமைத்து நீர்வாழுயிர்களை ஆராய்ந்தவர், 1832 ஆம் ஆண்டளவில் சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ-பவர் என்னும் அம்மையார் ஆவர். பின்னர் 1849 ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் ஒரு கண்ணாடிக்கலத்தில் இரண்டு பொன்மீன்களையும், வல்லிஸ்னேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியையும் வைத்தார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி உட்கொண்டு பிராணவாயுவை அளிக்கும். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று வாழ்விக்கும் என்பது அவர் கருத்து. அது நல்ல கருத்தேயாயினும் முற்றும் நிறைவேறவில்லை. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அதன்பின் அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை அதனுள் விட, அவை அழுகிய இலைகளைத் தின்று தொலைத்தன, நீர் தெளிந்தது. இருவராற் கூடாதது மூவராற் கூடிற்று. தொட்டி என்பது மீன் இருக்கும் பாத்திரமன்று, பல உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒரு சிற்றூர் என்பதனை அந்நத்தைகள் அவர்க்கு உணர்த்தின.

1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. மறுவருடம் பிலிப் ஹென்றி காஸ் என்பார் இக்கலையைப் பற்றி எழுதிய நூல் ஆங்கில நாடெங்கும் பரவிற்று. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909 ஆம் ஆண்டில் மீன்காட்சிச்சாலை பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. அது பிற்றை நாளில் மூடப்பட்டதாயினும், சென்னையில் மீன்வளர்க்கும் ஆர்வம் மூடப்படவில்லை. கொளத்தூரில் வண்ணமீன்களை இனப்பெருக்கம் செய்வோரும் விற்போரும் மலிந்திருத்தலே அதற்குச் சான்று.

இனிப் பிழைகளுள் தலையாயதனைக் கூறுவாம். சில ஆண்டுகட்கு முன், விடுதியில் வாழ்ந்த முதலாண்டு மாணாக்கர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவர் புதுத்தொட்டியில் பன்னிரண்டு மீன்கள் விட்டிருந்தார். பதினோராம் நாளில் இறுதி மீனும் மாண்டுவிட்டது. அவர் முகம் வாடியிருந்தது. "ஐயா, தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தது. வேளை தவறாமல் உணவிட்டேன். அப்படியிருக்க அவை ஏன் மாண்டன? இனி என் வாழ்நாளில் ஓர் உயிரையும் வளர்க்கமாட்டேன்" என்றார். பன்னிரண்டு சிற்றுயிர்களின் இறப்பு வருந்தத்தக்கது. அதனினும், உயிர்களிடத்து அன்புகொண்ட ஓர் இளைஞர் அவ்வன்பையே துறக்கத் துணிந்தது எமக்கு மிக்க வருத்தத்தைத் தந்தது. பரண்மேற் கிடக்கும் ஒவ்வொரு தொட்டியின் பின்னும் இத்தகைய துறவு ஒன்று மறைந்துள்ளது போலும்.

அவர் வினாவுக்கு விடை இஃதாம். மீன் தன் உடலிற் பிறக்கும் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியிடுகின்றது. தின்னாது விடப்பட்ட உணவும், எச்சமும், அழுகும் இலையும் அம்மோனியாவாகவே மாறுகின்றன. அது கண்ணுக்குப் புலப்படாதது. நீரின் தெளிவைச் சிறிதும் குறையாதது. ஆனால் மீனுக்குக் கொடிய நஞ்சு. நீர் வெப்பம் மிக்கதாயும் காரத்தன்மை மிக்கதாயும் இருப்பின் அந்நஞ்சின் வலிமை பெருகும். ஆற்றிலும் ஏரியிலும் இதனால் மீன் மடிவதில்லை, என்னை? ஆங்கு நீர் மிகுதி. அன்றியும், கல்லிலும் மணலிலும் செடியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது குருதியிற் கலந்து, குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. நீரிற் பிராணவாயு நிறைந்திருப்பினும் மீன் மூச்சுத் திணறுகின்றது. ஆனால் வேறு நுண்ணுயிர்கள் அந்நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு சிறிதளவில் மீனுக்கு ஊறு செய்யாது. அது செடிக்கு உரமுமாம்.

இம்மாற்றம் உயிர்களின் செயல் என்பதனை 1877 இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இருவர் காட்டினர். இரஷிய நாட்டவரான வினோகிராட்ஸ்கி 1890 அளவில் அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவன நைட்ரோஸ்பைரா என்னும் இனத்தைச் சார்ந்தன என்பது 1998 இல் வெளியான ஆராய்ச்சியாற் புலனாயிற்று. அவ்வினத்துட் சில, அம்மோனியாவை நைட்ரேட்டாக முற்றும் தாமே மாற்றவல்லன என்பது 2015 ஆம் ஆண்டிற்றான் அறியப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞர் ஆராய்ந்துவரும் ஒரு பேருண்மை நம் வீட்டுக் கூடத்துத் தொட்டியில் நாள்தோறும் நிகழ்கின்றது என்பதனை எண்ணுந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது.

புதுத்தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இல்லை. அவை வந்து குடியேறிப் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அம்மாணாக்கர் தொட்டியில் முதல் வாரத்திலேயே பன்னிரண்டு மீன்களின் கழிவு சேர்ந்தது. அதனைப் போக்குவார் எவருமிலர். தெருவில் துப்புரவுப் பணியாளர் வருமுன்னே பன்னிரண்டு குடும்பங்களைக் குடியேற்றியது போலாயிற்று. நீர் தெளிந்திருத்தல் வேறு, தூயதாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையே புதியோர் செய்யும் முதற் பிழையாம்.

இதற்கு மருந்து பொறுமையேயாம். தொட்டியில் மணலும் செடியும் நீரும் அமைத்து, நீர்வடிகட்டியை இயக்கி, மீனின்றியே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டு வருக. அது அழுகி அம்மோனியாவைத் தரும். நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்தறியும் சோதனைத் துளிமருந்துகள் மீன்கடைகளில் விற்கப்படுகின்றன. முதலில் அம்மோனியா உயர்ந்து தாழும். பின்னர் நைட்ரைட்டு உயர்ந்து தாழும். உணவு இட்டுவரும்போதும் இரண்டும் இன்மையாகி நைட்ரேட்டு மாத்திரம் காணப்படின், இல்லம் ஆயத்தமாயிற்று என்று அறிக. நன்கு நிலைபெற்ற தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சிலிருந்து ஒரு துண்டு நண்பரிடம் பெற்றுச் சேர்ப்பின், காலம் இன்னும் குறையும்.

அம்மாணாக்கர் எம் சொற்கேட்டு அவ்வாறே செய்தார். மீனில்லாத தொட்டிக்கு ஐந்து வாரம் விளக்கேற்றி, உணவிட்டு, துளிமருந்திட்டுக் காணும் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். விடுதித் தோழர்கள் அவர் அறையை எட்டிப் பார்த்து, "பாருங்கடா, இவன் தண்ணீர் வளர்க்கிறான்!" என நகையாடினர். நகைப்பிற் கூறினரேனும் அவர் கூறியது முற்றிலும் உண்மை. மீன் வளர்ப்பவன் முதற்கண் தண்ணீரையே வளர்த்தல் வேண்டும். ஆறாம் வாரத்தில் அவர் நான்கு மீன்களை மாத்திரம் விட்டார். இரு வாரம் கழித்து மேலும் நான்கு விட்டார். அவ்வாண்டு இறுதியில் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்பதே அவர் கவலையாயிருந்தது. நகையாடிய தோழர் இருவர் அப்பொறுப்பை ஏற்கப் போட்டியிட்டனர்.

இரண்டாம் பிழை, தூய்மையின்மேல் வைத்த அளவிறந்த ஆசையாம். வாரந்தோறும் மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, மணலையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய்நீரிற் பிழிந்து கழுவி, புதுநீர் நிரப்புவோர் பலர். நல்லெண்ணத்தாற் செய்யினும் இது பெருந்தீங்காம். நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்வன அல்ல. பஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழ்வன. அவற்றைக் கழுவியெறிந்தவர் தம் தொட்டியை மீண்டும் முதல் நாளுக்கே கொண்டு சேர்க்கின்றார். வாரத்துக்கொருமுறை நீரில் ஐந்திலொன்று அல்லது நான்கிலொன்று மாற்றினாற் போதும். பஞ்சினைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்ல அலசுக. புதிதாய் விடும் நீர் தொட்டி நீரோடொத்த வெம்மையுடையதாயிருத்தல் நலம்.

குழாய்நீரைப் பற்றியும் ஈண்டுக் கூறவேண்டும். நகராட்சிகள் மக்களுடல் நலங்கருதி நீரிற் குளோரின் கலக்கின்றன. அது மீனின் செவுள்களைப் புண்படுத்தும், நுண்ணுயிர்களையும் கொல்லும். வாய்விரிந்த பாத்திரத்தில் ஒருநாள் முழுவதும் நீரை வைத்திருந்து, காற்றுக் குழாயாற் கிளறிவிடின் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் வைத்திருத்தலால் மாத்திரம் நீங்காது. அதற்கென விற்கும் மருந்தினை அளவறிந்து சேர்த்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரிற் குளோரின் இல்லையாயினும், நம் நாட்டுப் பல ஊர்களில் அது உப்பும் கடினமும் மிக்கது. அந்நீரில் நன்கு வாழும் கப்பி, மாலி முதலிய மீன்களைத் தெரிந்துகொள்ளாது, அமேசான் காட்டின் மென்னீரிற் பிறந்த மீன்களை முதற்கண் வாங்குதல் அறிவுடைமை அன்று. நீருக்கேற்ற மீனைத் தேடுதல் எளிது. மீனுக்கேற்ப நீரை நாடோறும் மாற்றுதல் அரிது.

மூன்றாம் பிழை உணவின் மிகுதி. விருந்தோம்பலிற் சிறந்த நம் நாட்டில், "இன்னும் கொஞ்சம்" என்று பரிமாறும் பழக்கம் மீன் தொட்டிவரை நீண்டுவிடுகின்றது. மீன் குளிர்ந்த குருதியுடையது. தன் உடலை வெம்மையாய் வைத்திருக்க நம்மைப்போல் உணவை எரிக்க வேண்டுவதில்லை. ஆகலின் அதற்கு வேண்டுவது சிறிதே. இரண்டு நிமிடங்களில் முற்றும் உண்டுமுடிக்கும் அளவே நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ இடத்தக்கது. கண்ணாடியருகே ஓடிவந்து வாய்திறந்து நிற்றலைக் கண்டு பசியென மயங்கற்க; உணவிடுவாரை அது அறிந்துகொண்டது என்பதே அதன் பொருள். வளர்ந்த மீன் சில நாள் உணவின்றியும் நலமுடன் வாழும். கெட்ட நீரில் ஒருநாளும் வாழாது. வீட்டில் ஐவர் இருப்பின் ஐவரும் தனித்தனியே உணவிடாது, ஒருவரே அப்பொறுப்பை ஏற்றல் வேண்டும்.

நான்காவது, கலத்தின் வடிவும் அளவும் இடமும் பற்றியது. சிறிய தொட்டி எளிதிற் பேணத்தக்கது என்று பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. நீர் மிகுதியாயின் நஞ்சு மெல்லப் பெருகும், வெப்பம் மெல்ல மாறும். பிழையைத் திருத்த நமக்குக் காலம் கிடைக்கும். சிறு கலத்தில் ஒருநாட் பிழையே உயிரைக் கொள்ளும். மீன் மூச்சுவிடும் பிராணவாயு பெரும்பாலும் நீரின் மேற்பரப்பின் வழியே உட்செல்வது. வாய் குறுகிய உருண்டைக் குடுவையில் மேற்பரப்புச் சிறிது; ஆகலின் அது காண்போர்க்கு அழகும், மீனுக்குச் சிறையுமாம். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். புதியோர்க்கு இதனிற் குறைந்தது தகாது. இந்நீரின் எடை மாத்திரம் 54 கிலோ; கல்லும் மணலும் கண்ணாடியும் சேரின் இன்னும் கூடும். ஆட்டங்காணும் மேசைமேல் இதனை வைத்தல் ஆபத்து. வெயில் படும் பலகணியருகே வைப்பின் நீர் பாசியாற் பச்சையாகும். கோடையிற் கொதித்தும் போகும்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். "சயாம் நாட்டுச் சண்டைமீனைக் கடையிற் கைப்பிடி அளவுள்ள சீசாவில் வைத்து விற்கின்றனரே, அது உயிரோடுதானே இருக்கின்றது?" என்பர். அம்மீனுக்குச் செவுளேயன்றி, மேற்பரப்பிற்கு வந்து காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பொன்றும் தலையில் உண்டு. நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் அவ்வுறுப்பு உண்டு. 1791 இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்னும் தேனிய நாட்டுப் படைத்தலைவர், அம்மீன் குளக்கரைப் பனையில் ஏறக் கண்டதாக எழுதியது ஐரோப்பிய அறிஞரை வியப்பில் ஆழ்த்திற்று. அது பனையேறுதல் பற்றிப் பிற்காலத்தார் ஐயுற்றனரேனும், நீரைவிட்டு நிலத்தின்மேல் ஊர்ந்துசெல்லுதல் உண்மையே. அக்காலத்தே தரங்கம்பாடியில் ஊழியஞ்செய்த ஜான் ஐயர் என்னும் மிஷனரியார் நம் நாட்டு மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த பிளாக் என்னும் அறிஞர்க்கு அனுப்பினார்; ஜானியஸ் என்னும் கடல்மீன் இனப்பெயர் அவர் நினைவாக இடப்பட்டது. மிஷன் கல்லூரி மாணாக்கர் இதனை அறிந்து மகிழ்தல் தகும். ஆயினும், காற்றை உட்கொள்ளவல்ல மீனும் அம்மோனியா நஞ்சினின்று தப்பவியலாது. சீசாவில் உயிர்த்திருத்தல் வேறு, வாழ்தல் வேறு.

ஐந்தாவது, குளிர்நாட்டு நூலை வெப்பநாட்டில் அவ்வாறே பின்பற்றல். ஆங்கிலேயர் எழுதிய நூல்களில், வெப்பநாட்டு மீன்களுக்கு மின்சார வெம்மைக் கருவி இன்றியமையாததென்று வரையப்பட்டுள்ளது. அஃது அவர்தம் நாட்டுக்கு உண்மை. உதகையிலும் கோடைக்கானலிலும் இருப்பார்க்கும் அது வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஆண்டின் பெரும்பகுதியில் அது வேண்டுவதன்று. நமக்குப் பகை குளிரன்று, சித்திரை வைகாசி வெப்பமே. 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னிற் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். வெப்பத்தால் மீனின் தேவை பெருகும்போது நீரின் கொள்ளளவு சுருங்குகின்றது. ஆகலின் கோடையிற் காற்றுக் குழாயை இரவும் பகலும் இயக்குக. மேல்மூடியைச் சிறிது திறந்து வைக்க. மீனின் தொகையைக் குறைத்து வளர்க்க. மின்கம்பி தொட்டியிலிருந்து கீழே வளைந்து தொங்கிப் பின் மேலேறி இணைப்பை அடைதல் வேண்டும். அங்ஙனமாயின் கம்பிவழி இழியும் நீர் மின்னிணைப்பைச் சேராது.

ஆறாவது, கூட்டுறவறியாது மீன்களைச் சேர்த்தல். கடையிற் காணும் அழகையே நோக்கி ஒவ்வோர் இனத்திலும் ஒவ்வொன்று வாங்குவோர் பலர். பொன்மீன் தண்ணிய நீரை விரும்புவது, கழிவு மிகுதியும் உடையது. அதனை வெப்பநாட்டு மீன்களோடு வைத்தல் இருதிறத்தார்க்கும் துன்பம். ஆண் சண்டைமீன் இரண்டை ஓரிடத்து விடின் ஒன்றே எஞ்சும். தேவதைமீன் எனப்படும் ஏஞ்சல், வளர்ந்தபின் தன் வாய்க்கு அடங்கும் நியான் மீன்களை விழுங்கிவிடும். பெயரைக்கொண்டு குணத்தை மதிப்பிடலாகாது. விரலளவில் விற்கப்படும் ஆஸ்கர் ஒரு முழம் வரை வளர்வதும் உண்டு. தொட்டியைத் தூய்மை செய்யும் எனச் சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் அதனினும் பெரிதாகும். அன்றியும் அது பாசியைத் தின்று கழிவைப் பெருக்குமேயன்றித் தூய்மையைப் பெருக்காது. மீன் வாங்குமுன் அது எவ்வளவு வளரும், எதனை உண்ணும், கூட்டமாய் வாழ்வதோ தனித்து வாழ்வதோ என மூன்று வினா வினவுக.

வளர்ந்துவிட்ட மீனுக்கு இடமின்றித் தவிப்போர் சிலர், அதனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். இரக்கத்தாற் செய்யப்படும் இச்செயலே எல்லாப் பிழைகளினும் கொடிது. தென்னமெரிக்காவிற் பிறந்த சக்கர் மீன் இவ்வாறு நம் நாட்டு நீர்நிலைகளிற் புகுந்து பெருகி, கரையில் வளைதோண்டியும், நாட்டுமீன்களின் உணவைக் கவர்ந்தும், மீனவர் வலைகளைக் கிழித்தும் தீங்கு செய்கின்றது. ஏனைப் பிழைகள் ஒரு தொட்டியோடு முடியும்; இப்பிழை ஓர் ஏரியையும் அதனை நம்பி வாழும் ஏழை மீனவர் குடியையும் தொடும். காஸ் எழுதிய நூலைப் படித்துக் கடலோரம் விரைந்த கூட்டத்தார், பாறைச் சுனைகளின் அழகையெல்லாம் வாரிச்சென்று பாழாக்கினர் என்று அவர் மைந்தர் 1907 இல் வெளியிட்ட தம் நூலில் வருந்தி எழுதியுள்ளார். அன்று எடுத்ததாற் கேடு. இன்று விட்டதாற் கேடு. இரண்டும் அளவறியா ஆர்வத்தின் விளைவே. வளர்க்கவியலாத மீனைக் கடைக்காரரிடமோ, இடமுள்ள நண்பரிடமோ ஒப்படைக்க, நீர்நிலையில் விடற்க.

ஏழாவது, நோயறியாது மருந்திடல். புதுத்தொட்டியில் மீன் சோர்ந்து மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றால், உடனே நீலமருந்தும் மஞ்சள்மருந்தும் வாங்கிப் பெய்தல் வழக்கமாயிற்று. அம்மருந்துகளுட் பல நுண்ணுயிர்களையும் அழிக்கவல்லன. முதலிற் செய்யத்தக்கது நீரைச் சோதித்தலும், அதிற் பகுதியை மாற்றுதலுமேயாம். சோர்வின் காரணம் பெரும்பாலும் ஆங்கே புலப்படும். உடலில் உப்புத்தூவினாற்போல வெண்புள்ளி காணின் அஃது ஒட்டுயிரால் வந்த நோய். அதற்கு மருந்து வேண்டும். புதுமீனை இரண்டு மூன்று வாரம் வேறு கலத்தில் வைத்திருந்து பின்னர்ச் சேர்ப்பின், அந்நோய் பெரும்பாலும் வாராது. கடையிலிருந்து கொணர்ந்த பையைத் தொட்டி நீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, வெம்மை ஒத்தபின் தொட்டிநீரைச் சிறிது சிறிதாய்ப் பையுட் சேர்த்து, அதன் பின்னரே மீனை வலையால் எடுத்து விடுக. பைநீரைத் தொட்டியில் ஊற்றற்க.

மாணவ நண்பர்காள்! இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பிழை செய்தோருள் ஒருவரேனும் மீனின்பால் அன்பின்மையாற் பிழைத்தாரிலர் என்பது புலனாகும். உணவை மிகுத்தவர் அன்பால் மிகுத்தார். தொட்டியைக் கழுவியவர் அன்பாற் கழுவினார். ஏரியில் விட்டவரும் இரக்கத்தால் விட்டார். அன்பு ஒன்றே போதாது. அன்பு செலுத்தப்படும் உயிரின் இயல்பை அறியும் அறிவும், அவ்வறிவுக்கேற்பக் காத்திருக்கும் பொறுமையும் உடன்வேண்டும். கடல்மீன்களின்மேல் ஆளுகை மனிதனுக்கு அளிக்கப்பட்டதென மறைநூல் கூறுகின்றது. ஆளுகையாவது விரும்பியவாறு செய்தல் அன்று. தம்மால் வாய்திறந்து குறைகூற இயலாத குடிகளின் குறையைத் தாமே ஆராய்ந்தறிந்து தீர்த்தலாம். மீன் ஒலியெழுப்பி அழாது. அதன் முறையீடு நீரிலேயே எழுதப்பட்டுள்ளது. அதனைப் படிக்கக் கற்றவனே அதனை வளர்க்கத் தக்கவன்.

ஆகவே, உங்களில் எவரேனும் வரும் விடுமுறையில் தொட்டி வைக்க எண்ணுவீராயின், பரண்மேற் கிடக்கும் பழந்தொட்டியையே இறக்கித் துடைத்து, ஒழுக்கின்றி இருத்தலைச் சோதித்து, மணலும் செடியும் இட்டு நீர் நிரப்புக. அதன்பின் ஐந்தாறு வாரம் மீன்கடைப் பக்கம் செல்லற்க. காண்போர் நகைப்பின் நகைக்கட்டும். வெறுந்தண்ணீர் என்று அவர் கருதும் அதனுட் கண்காணா உயிர்கள் கோடிக்கணக்கிற் பெருகி, இனி வரப்போகும் விருந்தினர்க்கு இல்லம் சமைத்துக் கொண்டிருக்கும். அவ்வேலை முடியுமட்டும் காத்திருந்து, முதல் நான்கு மீன்களை அதில் விடும் நாளில், உங்கட்கும் கைராசி உண்டென்பதனை உங்கள் இல்லத்தார் அறிவாராக.